அக்கா ‘டிராப் அவுட்’ ஆகவில்லை

எம்.ஏ. சமூகவியல் முதலாண்டில் எங்களுக்கு ஒரு சின்ன எழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ‘என் குடும்பமும் கல்வியும்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். அப்பா கூலி வேலை, அம்மா கூலி வேலை, இரண்டு பெண்கள், நான் இளையவள். அக்காவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: “மை சிஸ்டர் வாஸ் டிராப்டு அவுட் ஃப்ரம் ஸ்கூல்.”

தாள் திரும்பி வந்தபோது அந்த வாக்கியத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். ‘வாஸ்’ அடிக்கப்பட்டிருந்தது. ‘ஃப்ரம்’ அடிக்கப்பட்டு அதன் மேலே ‘ஆஃப்’ என்று இருந்தது. திருத்தியவர் நல்ல ஆசிரியர். எங்களைப் போன்ற பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பவர். “டிராப் அவுட்டுக்குச் செயப்பாட்டு வினை கிடையாதும்மா. அவங்களேதான் டிராப் அவுட் ஆவாங்க, அவங்கள யாரும் ஆக்க முடியாது. ‘ஷி டிராப்டு அவுட் ஆஃப் ஸ்கூல்’, அவ்வளவுதான்” என்றார். நானும் தலையாட்டிவிட்டுத் திருத்திக்கொண்டேன். அன்றிலிருந்து இத்தனை வருட வேலையில், எத்தனையோ அறிக்கைகளில், அந்தத் தவறை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

அந்த அடிக்கப்பட்ட ‘வாஸ்’ பற்றித்தான் இந்தப் பதிவு.

போன வருடம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக ஒரு காலனிக்குப் போயிருந்தேன். பட்டியலில் இருந்த ஒரு பையனின் வீட்டில் ஆயா மட்டும் இருந்தார். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. படிவம் ஆங்கிலத்தில். பெயர், வயது, கடைசியாகப் படித்த வகுப்பு எல்லாம் நிரப்பிவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் ‘எட்டாம் வகுப்பில் டிராப்டு அவுட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஆயா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா எழுதுன?”

“பையன் எட்டாவதுல நின்னுட்டான்னு எழுதுனேன் ஆயா.”

“அவன் எங்க நின்னான்? நிறுத்திட்டாங்கன்னு எழுது.”

பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். வகுப்பில் ஒருவன் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். இவன் கை நீட்டிவிட்டான். கூப்பிட்டவனை உள்ளே உட்காரவைத்துவிட்டு, அடித்த இவனை மட்டும் வெளியே நிறுத்தி, “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா ஊரில் இல்லை. ஆயா போனார். முதல் நாள், தலைமை ஆசிரியருக்கு மீட்டிங். இரண்டாம் நாள், “அப்பாதான் வரணும்.” மூன்றாம் நாள், பள்ளி வேப்பமரத்தடியில் காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி வரை நிற்கவைத்துவிட்டு, “இங்க இருந்தா பிரச்சினதான், டிசி தரோம், வேற ஸ்கூல்ல போட்டுக்குங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு பள்ளி என்றால் ஒன்பது கிலோமீட்டர். காலையில் அந்தப் பக்கம் போவது ஒரே ஒரு பேருந்து. பையன் வீட்டோடு இருந்துவிட்டான். வருகைப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட். பிறகு ‘லாங் ஆப்சென்ட்’. பிறகு பெயர் நீக்கம். எல்லாம் முடிந்த பிறகு நான் போய், நல்ல ஆங்கிலத்தில், டிராப்டு அவுட் என்று எழுதினேன்.

எண்ணிப் பாருங்கள். இந்தக் கதையில் கூப்பிட்டவன் ஒருவன் இருக்கிறான். வெளியே நிறுத்தியவர் இருக்கிறார். மூன்று நாள் அலையவிட்டவர், டிசி தருகிறேன் என்றவர், பெயரை நீக்கியவர் என்று எத்தனையோ பேர் ஏதேதோ செய்திருக்கிறார்கள். என் வாக்கியத்தில் பையன் ஒருவன் மட்டும்தான் இருந்தான்.

கொஞ்சம் இலக்கணம் பேசுவோம். உங்களில் பலர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், அதற்கும் உதவும்.

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ‘அவுட்’, ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தரும். ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். தமிழ்வழியில் படித்து வந்த நமக்குத் தண்ணி காட்டுவது இதுதான். ‘டிராப் இன்’ என்றால் சொல்லிக்கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கு எட்டிப்பார்த்துவிட்டு வருவது. ‘டிராப் ஆஃப்’ என்றால் ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிடுவது. “பஸ் ஸ்டாண்டுல டிராப் பண்ணிடு” என்று நாம் சொல்வோமே, அது. ‘டிராப் அவுட்’ என்றால் படிப்பு, பயிற்சி, போட்டி போன்ற ஒன்றிலிருந்து முடிக்காமல் பாதியில் விலகுவது. வினையாக எழுதும்போது இரண்டு சொற்கள். ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக எழுதும்போது சேர்த்து ஒரே சொல். பள்ளியிலிருந்து என்று சொல்ல ‘ஆஃப்’ வரவேண்டும்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. வெறும் ‘டிராப்’ என்ற வினைக்கு இரண்டு வேலை உண்டு. பானை தானாக விழுந்தாலும் டிராப், நான் பானையைக் கீழே போட்டாலும் டிராப். ‘அவுட்’ வந்து ஒட்டிக்கொண்டதும் இரண்டாவது வேலை போய்விடுகிறது. யாரையும் டிராப் அவுட் ‘செய்ய’ முடியாது. விழுகிறவர் மட்டும் மிச்சம். போட்டவர் வாக்கியத்திலேயே இல்லை.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள கிரிக்கெட்டைப் பாருங்கள். ஒரு வீரரைத் தேர்வுக்குழு அணியிலிருந்து நீக்கினால், ஆங்கிலச் செய்தியில் ‘ஹி வாஸ் டிராப்டு ஃப்ரம் தி டீம்’ என்று வரும். காயத்தாலோ சொந்தக் காரணத்தாலோ அவரே விலகினால் ‘ஹி டிராப்டு அவுட் ஆஃப் தி டீம்’ என்று வரும். முதல் வாக்கியம் வந்த அன்று ராத்திரியே டீக்கடையில் சண்டை தொடங்கிவிடும். யார் டிராப் பண்ணினது, எதுக்குப் பண்ணினாங்க, தேர்வுக்குழுவில் யார் யார் இருக்காங்க என்று கேள்வி மேல் கேள்வி. இரண்டாவது வாக்கியத்துக்கு யாரும் சண்டை போடுவதில்லை. அது அவர் சொந்த விஷயம்.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். என் பழைய வாக்கியத்தில் இருந்த ‘வாஸ்’, ‘ஃப்ரம்’ இரண்டும் அந்த முதல் வகை வாக்கியத்தின் சொற்கள். அன்று ராத்திரி என் மனதில் ஓடியது ‘நிறுத்தப்பட்டாள்’ என்ற தமிழ்தான். தப்பான ஆங்கிலத்தில் அதை எழுதிவிட்டேன். அடிக்கவேண்டிய சொல் ஒன்றே ஒன்று, ‘அவுட்’. ஆசிரியர் மற்ற இரண்டையும் அடித்துவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தார். அவர்மேல் குற்றமில்லை. அக்காவுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்று தெரியாது.

தமிழ் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுத் தமிழில் இதற்கு ‘இடைநிற்றல்’ என்று பெயர். ‘இடைநின்ற மாணவர்கள்’ என்று எழுதுகிறார்கள். ‘நின்றான்’ என்பது தன்வினை, ‘நிறுத்தினான்’ என்பது பிறவினை என்று எட்டாவது தமிழாசிரியர் நடத்தியது நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடமே அறியாத அந்த ஆயா, தன்வினையை அடித்துவிட்டுப் பிறவினை போட்டுத் திருத்தினார். இன்னொன்றும் பாருங்கள். வகுப்புக்கு வெளியே பையனை நிறுத்தினார்கள். மரத்தடியில் ஆயாவை நிறுத்தினார்கள். கடைசியில் படிப்பை நிறுத்தினார்கள். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்தான்.

‘டிராப் அவுட்’ என்ற சொல்லுக்கு வேறொரு பளபளப்பான வாழ்க்கையும் இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப்புக்கு அது கட்டாயம் வந்திருக்கும். ஸ்டீவ் ஜாப்ஸ் 1972-இல் ரீட் கல்லூரியிலிருந்து டிராப் அவுட், பில் கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டிலிருந்து டிராப் அவுட், மார்க் ஸக்கர்பெர்க் 2004-இல் ஹார்வர்டிலிருந்து டிராப் அவுட், ஆகவே படிப்பு முக்கியமில்லை, துணிச்சல்தான் முக்கியம் என்று முடியும். பில் கேட்ஸின் அப்பா சியாட்டிலில் வழக்கறிஞர். தொழில் கவிழ்ந்திருந்தால் திரும்பிப்போய்ப் படிக்க வழியிருந்தது. விலகிப் போனவரை 2007-இல் ஹார்வர்டே கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஸக்கர்பெர்க்குக்கு 2017-இல் கொடுத்தது. நம் பையனின் ஆயாவை மூன்று நாள் மரத்தடியில் நிற்கவைத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வினைச்சொல். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனவரையும், கதவு சாத்தப்பட்டவரையும் ஒரே சொல்லால் குறித்தால், அந்தச் சொல் எதையோ மறைக்கிறது என்றுதான் அர்த்தம்.

அண்ணல் அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்துவிட்டு, 1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917-இல் பாதியில் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அந்த வருடம் யாராவது நம்மைப்போல் படிவத்தோடு வந்திருந்தால், அவர் பெயருக்கு நேரே டிராப்டு அவுட் என்று எழுதியிருப்பார்கள். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் துரத்தப்பட்டார். பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்தினார். பணம் சேர்த்து, கடன் வாங்கி, 1920-இல் மறுபடியும் லண்டன் போய், 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. முடித்தார். அவருடைய ஆர்வத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. நின்றது பணம்.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மற்ற மாணவர்களோடு பழகாமல் வெளியிலேயே இருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். அவர் படிப்பை விட்டிருந்தால் பதிவேட்டில் என்ன காரணம் எழுதியிருப்பார்கள்? ‘யாரோடும் பழகமாட்டான்’ என்றா?

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாவது படித்த தலித் மாணவர், உடன் படித்த ஆதிக்கசாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். பள்ளியில் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். அவர் உண்மையைச் சொன்னார். அதற்காக வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அந்த மாணவர் 2024 பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். யோசித்துப் பாருங்கள். அவரை யாரும் விசாரிக்காமல் விட்டிருந்தால், அவரும் எதுவும் சொல்லாமல் எங்காவது வேலைக்குப் போயிருந்தால், அவரும் ஒரு டிராப் அவுட். காரணம்: படிப்பில் ஆர்வமின்மை.

இந்த ‘ஆர்வமின்மை’ இருக்கிறதே, அதுதான் எங்கள் துறையின் குப்பைத்தொட்டி. எந்தக் கட்டத்திலும் அடங்காததை எல்லாம் அதில் கொட்டிவிடலாம். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கல்விக் கணக்கெடுப்பிலும் ‘கல்வியில் ஆர்வமில்லை’ என்பது ஒரு காரணமாகவே இருக்கிறது. என் கையில் இருந்த படிவத்தில் ஆர்வமின்மை, குடும்ப வறுமை, இடம்பெயர்வு, குழந்தைத் திருமணம் எல்லாம் இருந்தன. சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. இன்னொரு வேடிக்கை: எமிஸ் இணையதளத்தில், ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மாணவரின் பெயர் அடுத்த பள்ளி எடுக்கும்வரை இருக்கும் இடத்துக்கு ‘காமன் பூல்’ என்று பெயர். பொதுக்குளம்! ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்கவிடாத நம் பிள்ளைகளுக்கு இந்தக் குளத்தில் மட்டும் தாராளமாக இடம் உண்டு.

நியாயமாகவும் பேசவேண்டும். தமிழ்நாட்டின் இடைநிற்றல் பல மாநிலங்களைவிடக் குறைவு. சத்துணவு, இலவசப் பேருந்துப் பயணம், விடுதிகள், கட்டணச் சலுகைகள் எல்லாம் போராடிப் பெற்ற உண்மையான சாதனைகள். நானே விடுதிச் சோற்றில் வளர்ந்தவள். எல்லா இடைநிற்றலுக்கும் ஆசிரியர் காரணம் என்றும் சொல்லமாட்டேன். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்கு வராததற்கு ஆசிரியர் என்ன செய்வார்? ஆனால் அங்கேயும் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்ட ஒருவர் இருக்கிறார். உதவித்தொகை வராததால் கல்லூரியை விட்ட பெண்ணின் கதையில், வங்கிக் கணக்கையும் ஆதாரையும் இணைக்காமல் இழுத்தடித்த ஒரு மேசை இருக்கிறது. தேடினால் ஒவ்வொரு கதையிலும் ஒரு எழுவாய் கிடைக்கும்.

இந்த மறைப்பைக் கண்டுபிடித்தவர்கள் நாம் மட்டுமில்லை. நியூயார்க் நகர அரசுப் பள்ளி ஒன்றை ஆராய்ந்த மிஷெல் ஃபைன் 1991-இல் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘ஃபிரேமிங் டிராப்அவுட்ஸ்’. ‘ஃபிரேம்’ என்றால் சட்டம் போடுவது, பொய்க் குற்றத்தில் ஒருவரை மாட்டிவிடுவது என்று இரண்டு அர்த்தம் உண்டு. 2016-இல் மோனிக் மோரிஸ், கறுப்பினப் பெண் பிள்ளைகளைப் பள்ளிகள் எப்படி வெளியேற்றுகின்றன என்று எழுதிய நூலுக்கு ‘புஷ்அவுட்’ என்றே பெயர் வைத்தார். ‘புஷ் அவுட்’ என்றால் வெளியே தள்ளுவது. இதற்குச் செயப்பாட்டு வினை உண்டு. ‘ஷி வாஸ் புஷ்டு அவுட் ஆஃப் ஸ்கூல்.’ என்னுடைய ‘வாஸ்’ திரும்பக் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆயா வீட்டிலிருந்து திரும்பிய அந்த வாரமே நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஒன்பதாவதில் படிப்பை விட்டது 2001-இல். அவளுக்குப் ‘படிப்பு ஏறவில்லை’ என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. நான் அப்போது ஆறாவது. இத்தனை வருடத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘எதுக்குப் படிப்ப விட்ட’ என்று கேட்ட நான், என் அக்காவை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

முதலில் சிரித்தாள். பிறகு சொன்னாள். அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கழிப்பறை கழுவ ஒரு பட்டியல் உண்டு. அதில் இருந்தது காலனிப் பிள்ளைகளின் பெயர்கள் மட்டும்தான். இரண்டு வருடம் கழுவினாள். ஒன்பதாவதில் ஒரு வெள்ளிக்கிழமை, “எல்லாரும் மொற போட்டுக் கழுவுனா நானும் கழுவுறேன் டீச்சர்” என்றாள். “கழுவிட்டு வகுப்புக்குள்ள வா” என்று பதில் வந்தது. வெள்ளி முழுக்க வெளியே நின்றாள். திங்கட்கிழமையும் நின்றாள். மதியம், குழாயடியில் போய்த் தன் கால்களைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னால் அவர் பள்ளியில் போய்ச் சண்டை போடுவார், ஊரில் வேலை போகும், சின்னவள் படிப்பும் கெடும். அதனால் படிப்பு ஏறவில்லை என்று சொன்னாள். எல்லோரும் நம்பினோம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு என் புதுச் சொல்லையும் அவளுக்குக் கொடுத்தேன். “நீயா நிக்கலக்கா. உன்ன வெளிய தள்ளிட்டாங்க.”

முறத்தைக் கீழே வைத்தாள். “என்ன யாருடி தள்ளுனது? கழுவிட்டு உள்ள வான்னுதான சொன்னாங்க. கழுவியிருந்தா போயிருக்கலாம். நான் கழுவமாட்டேன்னு வந்தேன். நானாத்தான் நடந்து வந்தேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆங்கிலத்தில் இதற்கும் ஒரு சொல் இருக்கிறது. ‘வாக் அவுட்’. எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறுவது. சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் செய்தால் அது வெளிநடப்பு, மறுநாள் பேப்பரில் தலைப்புச் செய்தி. பதினைந்து வயதுக் காலனிப் பெண் செய்தால் இடைநிற்றல், எமிஸில் ஒரு எண். நான் அவளுக்குக் கொடுத்த ‘தள்ளிட்டாங்க’வும் அவளுக்குப் பொருந்தவில்லை. அதில் தள்ளியவர் இருந்தார், ஆனால் அவள் மறுபடியும் கைகால் இல்லாத பானையாகிவிட்டாள்.

பிறகு அவள் கேட்டாள், “நீ ஒம்பதாவது போனப்ப அந்த லிஸ்ட் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“கழுவுனியா?”

“ம்.”

அவள் அரிசியைத் திரும்பப் புடைக்க ஆரம்பித்தாள். நான் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கழுவினேன். வகுப்புக்குள் போனேன். பத்தாவது, பன்னிரண்டாவது, எம்.ஏ. எல்லாப் புள்ளிவிவரத்திலும் நான் ‘தக்கவைக்கப்பட்ட’ மாணவி. பள்ளியில் தங்கியவர்கள் அங்கே தங்குவதற்கு என்ன கொடுத்தார்கள் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, “வுடு. ரெண்டு பேர்ல ஒருத்தி உள்ள இருந்தாத்தான் ஆவும்” என்றாள். அது மன்னிப்பா, சமாதானமா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தோழர்களே, உங்களில் பலர் களப்பணிக்குப் போகிறீர்கள். ஆய்வறிக்கை எழுதுகிறீர்கள். உண்மை அறியும் குழுவில் போகிறீர்கள். நான் இப்போது கடைப்பிடிக்கும் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

‘ஏன் நின்னுட்ட?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே குற்றப்பத்திரிகை இருக்கிறது. ‘கடைசியா ஸ்கூலுக்குப் போன நாள் என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள். ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் வருவார்கள், சொற்கள் வரும், மரத்தடி வரும். காரணம் கேட்டால் ‘ஆர்வமில்லை’தான் வரும்.

எழுதும்போது ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் போடுங்கள். ‘பெயர் நீக்கப்பட்டது’ என்று எழுதினால், யாரால், எந்தத் தேதியில் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 கையில் இருக்கட்டும். அதன் 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 5-ஆம் பிரிவின்படி, டிசி தாமதமானதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது. ‘டிராப்டு அவுட்’ என்று எழுதிய அறிக்கையை வைத்து இந்தப் பிரிவுகளில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியாது. தானாக விழுந்ததற்கு யாரை விசாரிப்பது? சொல் மாறினால்தான் வழக்கு பிறக்கும்.

கடைசியாக, எந்த வினைச்சொல் போடுவது என்பதை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். விட்டானா, நிறுத்தினார்களா, தள்ளினார்களா, நடந்து வந்தாளா. நாம் நல்லெண்ணத்தோடு கொண்டுபோகும் சொல்லும் தப்பாக இருக்கலாம்.

அந்தப் பையன் விஷயத்தில், படிவத்தை அடித்துத் திருத்தி எழுதினேன். மூன்று நாட்கள், மூன்று தேதிகள், ஆயா சொன்ன சொற்கள். 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுத்தோம். இரண்டு வாரத்தில் அதே பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது ஒன்பதாவது படிக்கிறான். கூப்பிட்டவன் அதே வகுப்பில்தான் இருக்கிறான். அது தீரவில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

என் பழைய பெட்டியில் அந்த எம்.ஏ. தாள் இன்னும் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மை வெளுத்துவிட்டது. அதன் கீழே பென்சிலால், இலக்கணப் பிழை இல்லாமல், ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: “மை சிஸ்டர் வாக்டு அவுட்.” அக்காவிடம் படித்துக் காட்டினேன். அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

“ஆங். இது சரி” என்றாள்.